செய்தி சுமந்தவர்கள்

1553-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், இயேசு சபையின் தலைவராகிய புனித இஞ்ஞாசியார் உரோமையிலிருந்து புனித சவேரியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். கீழை நாடுகளின் பணியைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு பணிக்கும் கடிதம் அது. ஆனால் சவேரியாரோ அதற்கு ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன்பே, 1552 டிசம்பர் 3 அன்று, சீனக் கரையை அடுத்த சான்சியன் தீவில் உயிர் நீத்திருந்தார். அந்தச் செய்தி இன்னும் உரோமையை எட்டவில்லை. இறந்துபோன நண்பருக்கு, எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்த அந்த முதியவரை நினைக்கும்போது நம் நெஞ்சு கனக்கிறது.

இன்று நம் ஊரில் ஒருவருடைய மூச்சு அடங்கிய அரைமணி நேரத்திற்குள், துபாயில் வேலை செய்யும் மகனும் டொரண்டோவில் வாழும் தங்கையும் அதை அறிந்துவிடுகின்றனர். ஏழு மாதம் அரைமணி நேரமாகச் சுருங்கியதை அறிவியலின் பெருங்கொடை என்று போற்றுவதில் நமக்குத் தயக்கமில்லை. எனினும், இந்த நெடும் பயணத்தில் கூடியது வேகம் மட்டும்தானா? செய்தியைச் சுமந்து சென்ற மனிதர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் மறைந்ததோடு வேறு எதுவும் மறைந்ததா? இவற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்றே நாம் காண வேண்டும்.

சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அக்காலத்தில் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் அணி ஆண்டுக்கு ஒருமுறைதான் புறப்பட்டது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கிளம்பி, காற்று ஒத்துழைத்தால் செப்டம்பர் வாக்கில் கோவாவை அடையும். ஆண்டின் இறுதியிலோ அடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ மிளகு ஏற்றிக்கொண்டு திரும்பும். ஒரு கேள்விக்கு விடை வந்து சேர இரண்டாண்டுகள் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். கப்பல் மூழ்கினால் கடிதமும் மூழ்கும். ஆகவே ஒரே கடிதத்தைப் பல படிகள் எடுத்து, வெவ்வேறு கப்பல்களில் அனுப்பி வைப்பார்கள்.

இப்படி வந்து சேர்ந்த கடிதங்கள் பெற்றவரிடமே நின்றுவிடவில்லை. 1544 சனவரி 15 அன்று கொச்சியிலிருந்து சவேரியார் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், நம் பரதவ மக்களுக்குத் திருமுழுக்கு அளித்து அளித்துத் தம் கைகள் சோர்ந்துபோவதைச் சொல்கிறார். பாரிசுப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்குள்ள கற்றோரை நோக்கி உரக்கக் கூவவேண்டும் போலிருக்கிறது என்றும் ஆதங்கப்படுகிறார். அக்கடிதம் 1545-இல் அதே பாரிசு நகரில் அச்சாகி வெளிவந்தது. கையால் படியெடுக்கப்பட்டும் அச்சிடப்பட்டும் அது பல நாடுகளுக்குச் சென்றது. மணப்பாடும் தூத்துக்குடியும் எங்கே இருக்கின்றன என்று அறியாத இளைஞர்கள் அதை வாசித்துக் கப்பலேறினார்கள். ஒருவர் எழுதியதைப் பலர் பலருக்கு அனுப்பிப் பரப்பும் பழக்கம் கைப்பேசியோடு பிறந்ததன்று.

ஆனால் அந்தப் பரப்புதலுக்கு ஒரு முறைமை இருந்தது. 1542 டிசம்பரில் தம் தோழர் பேதுரு ஃபாபருக்கு எழுதிய மடலில் இஞ்ஞாசியார் அதனை விளக்குகிறார். யாரிடமும் காட்டத்தக்க முதன்மைக் கடிதம் ஒன்று இருக்க வேண்டும். தனிப்பட்ட செய்திகளை வேறு தாளில் எழுதி உடன் வைக்க வேண்டும். முதன்மைக் கடிதத்தை ஒருமுறை எழுதி, படித்துப் பார்த்து, திருத்தி, மீண்டும் எழுத வேண்டும். தாமும் அவ்வாறே இருமுறை எழுதுவதாகச் சொல்கிறார். பேச்சைப் போலன்றி எழுத்து நிலைத்து நிற்பது, எளிதில் விளக்கிச் சரிசெய்ய முடியாதது என்பது அவர் கருத்து. நாலு பேர் கண்ணில் படப்போகும் சொல்லுக்கு நாம் பொறுப்பு என்ற அச்சம் அந்த இரண்டாம் முறை எழுதுதலில் இருக்கிறது.

சவேரியாரின் மறுபக்கமும் சொல்லத்தக்கது. மலுக்குத் தீவுகளிலிருந்து 1546-இல் எழுதிய கடிதத்தில், தம் தோழர்கள் அனுப்பிய மடல்களிலிருந்து அவர்கள் தம் கையாலேயே எழுதிய பெயர்களை வெட்டியெடுத்து, எப்போதும் தம்முடன் சுமந்து திரிவதாகக் கூறுகிறார். செய்தி பழையதாகிவிடும், எழுதியவர் கை பழையதாவதில்லை என்பது போலும்!

முத்துக்குளித்துறையிலும் உள்நாட்டுச் சிற்றூர்களிலும் எழுத்தறியாத மக்களிடையே செய்தி வேறு வழியில் நடந்தது. ஆலய மணி ஒன்று. அது ஒலிக்கும் முறையைக் கொண்டே இறந்தவர் பெரியவரா குழந்தையா என்று அறிந்துகொண்ட பங்குகள் உண்டு. வயலில் நின்றவர் மண்வெட்டியை வைத்துவிட்டுச் சிலுவை வரைந்துகொள்வார். யாரென்று கேட்டறிய ஊருக்குள் வருவார். வெளியூர் உறவினருக்கோ ஆள் நடந்து போய்ச் சொல்ல வேண்டும். இழவு சொல்லப் போனவர் வாசலில் நிற்கும் நிற்பிலேயே வீட்டார் பாதியைப் புரிந்துகொள்வர். எப்போது, எப்படி, கடைசியில் என்ன பேசினார், அடக்கம் எந்நேரம் என்று அவரைக் கேட்பர். அவர் அறிந்ததைச் சொல்வார். அறியாததைத் தெரியாது என்பார்.

இதைச் சொல்லும்போது பழமையை மெழுகிப் பொன்னாக்கும் ஆசைக்கு நாம் இடந்தரலாகாது. அந்த இழவு சொல்லும் பணி யார் தலையில் சுமத்தப்பட்டது? வெயிலிலும் மழையிலும் பத்துப் பதினைந்து கல் நடந்தவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பறையறைந்து ஊர்ச் செய்தி அறிவித்தவரும் அவரே. மறுக்க அவருக்கு உரிமையில்லை. சொன்ன வீட்டின் திண்ணையில் உட்காரவும் உரிமையில்லை. தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகளைப் பயன்படுத்துமாறு தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். எந்திரம் செய்தியைச் சுமக்கத் தொடங்கியதால் சில மனிதரின் முதுகு நிமிர்ந்தது என்பதை மறந்துவிட்டு இவ்வரலாற்றை எழுத முடியாது.

எந்திரம் முதலில் தந்தியாக வந்தது. கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே 1850-இல் தொடங்கிய சோதனைத் தடம், 1855-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தந்திச் சேவையாக வளர்ந்தது. சொல்லுக்குச் சொல் காசு. ஆதலால் துயரமும் சுருங்கியது: தாய் கவலைக்கிடம், உடனே புறப்படு என்ற அளவில் ஆங்கிலத்தில் வரும் நாலு சொல்லைப் படித்துச் சொல்ல ஆசிரியரையோ பங்குத் தந்தையையோ தேடி ஓடினர் நம் மக்கள். தந்திச் சேவகர் தெருவில் நுழைந்தாலே வயிற்றைப் பிசைந்த காலம் அது. ஆயினும் அங்கும் ஒரு கை இருந்தது. அனுப்புபவர் தம் பெயரையும் முகவரியையும் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெறுபவர் கையொப்பமிட்டு வாங்க வேண்டும். 1879-இல் வந்த அஞ்சலட்டை ஏழையின் ஊர்தியாயிற்று. சாவுச் செய்தி தாங்கி வந்த கடிதத்தைப் படித்தவுடன் கிழித்தெறிவது பல வீடுகளில் வழக்கமாயிருந்தது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை முடிவுக்கு வந்தது. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய நாளிதழின் பெயரில் மட்டும் அச்சொல் இன்னும் நாள்தோறும் நம் தேநீர்க் கடைகளுக்கு வருகிறது.

அக்காலத்தில் பொய்ச் செய்தி இல்லாமலில்லை. 1979-இல் ஸ்கைலாப் என்னும் அமெரிக்க விண்வெளி நிலையம் நம் தலையில் விழப்போகிறது என்று நாடெங்கும் பரவிய பீதி முதியோர்க்கு நினைவிருக்கும். அது சூலை மாதத்தில் ஆஸ்திரேலியப் பக்கம் விழுந்தது. நம்மவர்க்கு எஞ்சியது சிரிப்பு மட்டுமே.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் ஒரு பொறியாளரால் கணினியிலிருந்து கைப்பேசிக்கு அனுப்பப்பட்டது. அது தாங்கிச் சென்றது கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்து. அன்று சவேரியார் திருநாள் என்பது தற்செயலே. இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் அமைச்சர் சுக்ராமிடம் பேசியது முதல் கைப்பேசி அழைப்பு. வரும் அழைப்புக்கும் காசு வாங்கிய அந்தத் தொடக்க ஆண்டுகள் போனபின், ஒரு மணி அடித்து நிறுத்தினால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டானால் திரும்ப அழை என்று மிஸ்டு காலையே மொழியாக்கிக்கொண்ட நம் மக்களின் சிக்கனத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஒருவர் மற்றவரை அறிந்திருந்தால் ஒரு சொல்லும் இன்றியே செய்தி நடக்கும்!

2009-இல் தொடங்கப்பட்ட வாட்ஸ்அப், மலிவான இணைய வசதியோடு சேர்ந்து இந்நிலையை அடியோடு மாற்றியது. மாற்றத்தின் மையம் எது? படமும் குரலும் அனுப்ப முடிந்தது பெரிது. கடல் கடந்த பிள்ளைகளோடு காசின்றிப் பேச முடிந்தது மிகப் பெரிது. ஆனால் செய்தியின் வரலாற்றில் புதியது, ஃபார்வர்டு என்னும் சிறு அம்புக்குறிதான். அதுவரை ஒரு செய்தியைப் பிறர்க்குச் சொல்ல வேண்டுமானால் தன் வாயாலோ தன் கையாலோ மீண்டும் ஒருமுறை அதைச் செய்தாக வேண்டும். படியெடுப்பவன் எழுதும்போதே இது சரிதானா என்று ஒரு கணம் நிற்பான். வாய்மொழியாகச் சொல்பவனை, உனக்கு யார் சொன்னது என்று கேட்பவர் மடக்குவார். அம்புக்குறியைத் தொடுபவரோ படைத்தவரும் அல்லர், படியெடுத்தவரும் அல்லர். எனக்கு வந்தது, அனுப்பினேன் என்பதோடு அவர் கடமை முடிந்துவிடுகிறது. அதே வேளையில் பெறுபவர் கண்ணுக்கு அது மாமாவிடமிருந்து வந்த செய்தி, மாதாக் கோயில் குழுவில் வந்த செய்தி. சொன்னவர் யாரென்று தெரியாத சொல்லுக்கு, தெரிந்தவர் முகம் கிடைத்துவிடுகிறது.

இதன் விலை என்னவென்று 2018-இல் நாம் கண்டோம். பாகிஸ்தானின் கராச்சி நகரில், காணாமற்போகும் குழந்தைகளைப் பற்றிய விழிப்புணர்வுக்காக ஒரு குறும்படம் எடுக்கப்பட்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வர். பின்பு திரும்பி வந்து அவனை இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்துவது எவ்வளவு எளிது என்று எச்சரிக்கும் அட்டையைக் காட்டுவர். யாரோ அந்த இறுதிப் பகுதியை வெட்டி நீக்கினர். எஞ்சியது கடத்தல் காட்சி. அது உண்மை நிகழ்ச்சியாக இந்திய மாநிலங்கள் பலவற்றில் கைப்பேசி தோறும் சென்றது. இதனோடு, பிள்ளை பிடிக்கும் வடநாட்டுக் கும்பல் நம் மாவட்டத்தில் இறங்கிவிட்டது என்பன போன்ற செய்திகளும் அந்தந்த மொழியில் சேர்ந்துகொண்டன.

அவ்வாண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து உறவினருடன் வந்த அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்ற கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே நாள்களில் பழவேற்காட்டில் ஓர் ஆண் கொல்லப்பட்டார். ஜூலை முதல் நாள் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் நாடோடிச் சமூகத்தவர் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் கொடியவர்களாக வாழ்ந்தவர்கள் அல்லர். பிள்ளைகளைப் பெற்றவர்கள், தம் பிள்ளைகளுக்காக அஞ்சியவர்கள். மிட்டாய் கொடுத்த கையை ஐயுறும்படி அவர்களுக்குக் கற்பித்தது எவரும் கையொப்பமிடாத ஒரு செய்தி. திருத்தந்தை பிரான்சிசு அவ்வாண்டுக்கான உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியைப் பொய்ச் செய்திகளைப் பற்றியே எழுதியிருந்தார். ஏதேன் தோட்டத்துப் பாம்பின் பேச்சில் பொய்ச் செய்தியின் தொடக்கத்தை அவர் காட்டினார். அந்த நாள் மே 13 அன்று கொண்டாடப்பட்டது. போளூர் மூதாட்டி இறந்து அப்போது நான்கு நாள்களே ஆகியிருந்தன.

இவை எல்லாவற்றிலும் நம்மை மிகவும் உலுக்குவது திரிபுராவில் நடந்தது. அங்கும் இதே வதந்தி பரவவே, அதை நம்பாதீர் என்று ஊர் ஊராகச் சென்று ஒலிபெருக்கியில் அறிவிக்க அரசு ஓர் இளைஞரை அமர்த்தியது. ஜூன் 28 அன்று சப்ரூம் பகுதியில் அவரையே பிள்ளை பிடிப்பவர் என்று கருதிய கூட்டம் கொன்றுபோட்டது. பழைய தண்டோராக்காரரைப் போல முகத்தோடும் குரலோடும் நேரில் வந்து செய்தி சொன்ன மனிதரை ஊர் நம்பவில்லை. முகமில்லாமல் வந்ததை நம்பியது. முகமறியாத ஊரில் வந்து நின்றதே அவர் குற்றமாயிற்று. ஆள் வந்து சொன்னால் போதும், பொய் தோற்றுவிடும் என்று நம்மில் எவரேனும் எண்ணினால், இந்த இளைஞரின் சாவு அதற்கு இடந்தராது. சொல்பவரைக் கேட்பவர் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அறிந்திருந்தால் வேகம் எத்தகைய வரமாகும் என்பதற்குப் புதுவைக் கரையிலுள்ள நல்லவாடு சான்று. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கரையில் கடல் மாறுபட்டு நடப்பதை வீட்டார் சொல்ல, உடனே ஊரைக் காலி செய்யுங்கள் என்றார் அவர். எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அமைத்திருந்த ஊரக அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள் ஊரார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். வந்தது நம்ப முடியாத செய்தி. எனினும் பேசியது தம் வீட்டுப் பிள்ளை. ஒலித்தது மீனவருக்கு நாள்தோறும் பயன்பட்டு வந்த மையத்தின் ஒலிபெருக்கி. ஆகவே எவரும் கேள்வி கேட்டு நேரத்தைக் கடத்தவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கை சில நிமிடங்களில் செலவாகி ஓர் ஊரையே மீட்டது.

2018-இன் கொலைகளுக்குப் பின் செய்யப்பட்ட திருத்தங்களைப் பார்த்தால், மறைந்துபோன செய்தியாளரின் கையை எந்திரத்துக்குள் மீண்டும் பொருத்தும் முயற்சிகளாகவே அவை தோன்றுகின்றன. பிறரிடமிருந்து வந்தது என்று காட்டும் குறிப்பு அவ்வாண்டு ஜூலையில் வந்தது. ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் அதே மாதம் தடுக்கப்பட்டது. 2019 தொடக்கத்தில் உலகெங்கும் அது விரிந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா வதந்திகளின் நடுவே, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்றாயிற்று. அதன்பின் அத்தகைய செய்திகள் எழுபது விழுக்காடு குறைந்தன என்று அந்நிறுவனமே அறிவித்தது. கை சற்றே சோர்ந்தால் பொய்யும் சோர்கிறது!

2021 பிப்ரவரியில் இந்திய அரசு வகுத்த விதிகள் இன்னும் ஒருபடி சென்று, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யாரென நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால் காட்ட வேண்டும் என்றன. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர எவரும் படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டியிருப்பதை அது குலைத்துவிடும் என்று வாட்ஸ்அப் அவ்வாண்டு மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. உனக்கு யார் சொன்னது என்று திண்ணையில் கேட்ட கேள்வி நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. இதில் நாம் அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்வதற்கில்லை. அண்டை வீட்டார் கேட்பதும் அரசு கேட்பதும் ஒன்றாகா. எளியவன் தன் துயரத்தை, அநீதிக்கு ஆளானவன் தன் புகாரை, அஞ்சாமல் ஒருவரிடம் சொல்ல மறைவான தாள் ஒன்று வேண்டும். முதன்மைக் கடிதத்தோடு தனித்தாள் வைத்த இஞ்ஞாசியார் அதை அறிந்திருந்தார். நாம் கெடுத்துக்கொண்டது இரண்டையும் கலந்ததில்தான். தனித்தாளில் கிசுகிசுக்க வேண்டியதை ஊர் முழுதும் அனுப்புகிறோம். ஊரறியச் சொல்ல வேண்டியதற்கு ஒருமுறைகூடத் திருத்தி எழுதுவதில்லை.

மக்கள் தாமாகவே சில எல்லைகளை இட்டுக்கொண்டிருப்பதும் கண்கூடு. திருமண அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிப் பாருங்கள், பெரியப்பா வரமாட்டார். நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைத்தால்தான் அவருக்கு அது அழைப்பு. படம் வந்தது, பார்த்தேன் என்பார். அழைத்தார்கள் என்று சொல்லமாட்டார். சாவிலும் அப்படியே. குழுவில் செய்தி வந்து, கூப்பிய கைகளின் படங்கள் நூறு அடுக்கப்பட்ட பின்னும், நெருங்கிய உறவுகளுக்குத் தனித்தனியே தொலைபேசியில் சொல்ல ஒருவரை வீட்டார் அமர்த்துகின்றனர்.

நம் பங்குகளில் மற்றொரு பழைய செய்தி முறை உயிரோடிருக்கிறது. பனையோலைக் காலத்துப் பெயரையே தாங்கி, ஓலை வாசித்தல் என்று நாம் அதை வழங்குகிறோம். 1215-இன் இலாத்தரன் சங்கம் அதைப் பொது விதியாக்கியது. 1563-இல் திரிதெந்தீன் சங்கம் மூன்று முறை அறிவிக்க வேண்டும் என்று வரையறுத்தது. இன்று மணமக்களின் படத்தோடு அழைப்பிதழ் இரண்டு மாதங்களுக்கு முன்பே கைப்பேசிகளில் சுற்றிவிடுகிறது. ஓலையில் எவருக்கும் புதிதாக அறிய ஒன்றுமில்லை. ஆயினும் ஞாயிற்றுத் திருப்பலி முடிவில் குருவானவர் தாளை எடுக்கிறார். இன்னாரின் மகன், இன்னாரின் மகள், இன்ன பங்கு என்று முழுப் பெயரும் சொல்லி வாசிக்கிறார். தடை ஏதும் அறிந்தவர் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறார். அடுத்த ஞாயிறும் வாசிக்கிறார். அதற்கடுத்த ஞாயிறும் வாசிக்கிறார்.